ஓய்வுக்குப் பின் ஆண்டுக்கு எவ்வளவு வருமானம் இருந்தால் போதும்? ஒரு தம்பதியின் 20 ஆண்டுக் கணக்கு

புதுடெல்லி: பணி ஓய்வு பெறும் நாளில் கையில் ஒரு கோடி ரூபாய் சேமிப்பு உள்ளது. சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை. பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முடிந்துவிட்டன. இந்த நிலையில் உள்ள ஒரு தம்பதி ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய், அதாவது மாதம் 50 ஆயிரம் ரூபாய் செலவு செய்து நிம்மதியாக வாழ முடியுமா? முதல் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் தாராளமாக முடியும். ஆனால், அதே கணக்கை ஆண்டு ஆண்டாக நீட்டிப் பார்த்தால், கணவருக்கு 80 வயது ஆகும்போது சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. அப்போது மனைவிக்கு 77 வயதுதான் ஆகியிருக்கும்.

இந்தியாவில் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். இது சராசரி மட்டுமே. இதைத் தாண்டி 85, 90 வயது வரை வாழ்பவர்கள் ஏராளம். எனவே, ஓய்வுக்கால வருமானத்தைத் திட்டமிடுபவர்கள் 25 முதல் 30 ஆண்டுகளுக்குக் கணக்கிட வேண்டியுள்ளது. இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, பெரும்பாலானோர் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

சம்பளத்தில் 70 சதவீதம் என்ற விதி சரியா?

கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை வருமானம் இருந்தால் ஓய்வுக்காலத்திற்குப் போதும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இது தோராயமான அளவுகோல் மட்டுமே. ஒருவருடைய சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டுக் கடன் தவணைக்கும், பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்கும், வருங்கால வைப்பு நிதிக்கும் சென்றிருந்தால், ஓய்வுக்குப் பின் அவருக்குச் சம்பளத்தில் பாதிகூடத் தேவைப்படாமல் போகலாம். மாறாக, வாடகை வீட்டில் வசிப்பவருக்கும், தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய் உள்ளவருக்கும் 80 சதவீதமும் போதாமல் போகலாம்.

தேசிய சராசரியும் இதற்கு உதவாது. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறங்களில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். கிராமப்புறங்களில் 4,122 ரூபாய். நகரத்தில் வாழும் இருவருக்கு இது மாதம் ஏறத்தாழ 14 ஆயிரம் ரூபாய் ஆகிறது. எல்லா வயதினரையும், எல்லா வருமானப் பிரிவினரையும் சேர்த்த சராசரி இது. மருத்துவச் செலவு மிகுந்த முதியோர் குடும்பத்தின் தேவையை இதைக் கொண்டு அளவிட முடியாது.

ஆகவே, கணக்கின் தொடக்கம் சம்பளமாகவோ சராசரியாகவோ இருக்கக் கூடாது. ஓய்வுக்குப் பிறகும் தொடரப்போகும் சொந்தச் செலவே தொடக்கப் புள்ளியாக இருக்க வேண்டும்.

செலவுப் பட்டியல் தயாரிப்பது எப்படி?

நாக்பூர், இந்தூர் போன்ற ஒரு நடுத்தர நகரில் சொந்த வீட்டில் வசிக்கும் தம்பதியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தனியார் நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெறும் கணவருக்கு வயது 60; மனைவிக்கு 57. அவர்களுடைய ஓராண்டுச் செலவு கீழ்க்கண்டவாறு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

- உணவு, மளிகை, பால், சமையல் எரிவாயு: 1,68,000 ரூபாய்
- மின்சாரம், குடிநீர், தொலைபேசி, இணையம்: 54,000 ரூபாய்
- வீட்டு வேலை உதவி, பராமரிப்பு, சொத்து வரி: 60,000 ரூபாய்
- மருந்து, பரிசோதனை, மருத்துவர் கட்டணம்: 60,000 ரூபாய்
- மருத்துவக் காப்பீட்டு பிரீமியம்: 60,000 ரூபாய்
- போக்குவரத்து, உடை, இதர செலவு: 42,000 ரூபாய்

இவை அனைத்தும் தவிர்க்க முடியாத அத்தியாவசியச் செலவுகள். மொத்தம் 4,44,000 ரூபாய். இதனுடன் பண்டிகை, பயணம், பேரப்பிள்ளைகளுக்கான அன்பளிப்பு ஆகியவற்றுக்கு 96,000 ரூபாய் சேர்கிறது.

பலரும் மறந்துவிடும் மற்றொரு செலவும் உண்டு. வீட்டுக்கு வெள்ளையடித்தல், பழுதான குளிர்சாதனப் பெட்டியை மாற்றுதல், பல் சிகிச்சை, கண்புரை அறுவை சிகிச்சை போன்றவை மாதந்தோறும் வருவதில்லை. ஆனால், ஏதாவது ஒன்று ஒவ்வோர் ஆண்டும் வந்துவிடுகிறது. இதற்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் ஒதுக்கினால், மொத்தச் செலவு சரியாக 6 லட்சம் ரூபாய் ஆகிறது.

அத்தியாவசியச் செலவையும் விருப்பச் செலவையும் பிரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. நெருக்கடியான ஆண்டில் பயணத்தைத் தள்ளிப்போடலாம். மருந்தைத் தள்ளிப்போட முடியாது.

முதல் ஆண்டில் எல்லாம் சரியாகத் தெரியும்

இந்தத் தம்பதிக்கு வருமானம் எங்கிருந்து வரும்? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய் முதலீடு செய்யலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதப்படி ஆண்டுக்கு 2,46,000 ரூபாய் வட்டி கிடைக்கும். அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்காக 15 லட்சம் ரூபாய் வரை முதலீடு செய்யலாம். 7.4 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 1,11,000 ரூபாய் கிடைக்கும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்து மாதம் 5,000 ரூபாய் வருவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 60,000 ரூபாய்.

ஆக, நிலையான வருமானம் 4,17,000 ரூபாய். செலவு 6 லட்சம் ரூபாய் என்பதால் 1,83,000 ரூபாய் பற்றாக்குறை. ஒரு கோடியில் மீதமுள்ள 55 லட்சம் ரூபாயில் இருந்து இதை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொகை ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால், எடுப்பதைவிட வளர்வது அதிகம்.

வருமான வரியும் பெரிய சுமையாக இருக்காது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், பங்கு விற்பனை லாபம் போன்ற தனி விகித வருமானங்கள் நீங்கலாக, 12 லட்சம் ரூபாய் வரையிலான ஆண்டு வருமானத்திற்கு வரி கட்டத் தேவையில்லை. ஆகவே, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

செலவு இரட்டிப்பாகும், பற்றாக்குறை நான்கு மடங்காகும்

பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருப்பதே ரிசர்வ் வங்கியின் இலக்கு. 2 முதல் 6 சதவீதம் வரை அனுமதிக்கப்பட்ட வரம்பு ஆகும். முதியோர் குடும்பச் செலவில் மருத்துவத்துக்கும் வீட்டு உதவியாளர்களுக்கும் பெரும் பங்கு செல்வதால், பாதுகாப்பான கணக்குக்கு 6 சதவீதத்தை எடுத்துக்கொள்வது நல்லது. அந்த வேகத்தில் விலைவாசி 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். இன்று 6 லட்சம் ரூபாயில் நடத்தும் அதே வாழ்க்கைக்கு, கணவரின் 72-ஆவது வயதில் 12 லட்சம் ரூபாய் தேவை.

ஆனால், வட்டியும் ஓய்வூதியமும் சேர்ந்த 4,17,000 ரூபாய் மாறாமல் அப்படியே இருக்கும். திட்டங்கள் முதிர்ந்து புதுப்பிக்கப்படும்போது வட்டி குறையவில்லை என்று வைத்துக்கொண்டாலும் நிலை இதுதான். இதன் விளைவாக, முதல் ஆண்டில் 1.83 லட்சமாக இருந்த பற்றாக்குறை 7.9 லட்சம் ரூபாயாக உயர்கிறது. செலவு இரு மடங்கு ஆகும்போது பற்றாக்குறை நான்கு மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஓய்வுக்காலக் கணக்குகளில் பெரும்பாலானோர் கவனிக்கத் தவறும் இடம் இதுவே.

முதல் ஆறு ஆண்டுகளில் அந்த 55 லட்சம் ரூபாய் குறைவதில்லை. 61 லட்சத்தைத் தாண்டி வளர்கிறது. பணம் பெருகுவதைக் காணும் குடும்பம், செலவைக் கூட்டலாம் என்றோ, உறவினருக்குப் பெருந்தொகை கொடுக்கலாம் என்றோ எண்ணக்கூடும். ஏழாம் ஆண்டு முதல் சரிவு தொடங்குகிறது. 18-ஆம் ஆண்டு முடிவில் அந்தத் தொகை ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதன் பின்னர் அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள 45 லட்சம் ரூபாயில் கை வைக்க வேண்டிவரும். 21-ஆம் ஆண்டில் அதுவும் முடிந்து, கணவரின் 80-ஆவது வயதில் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் மட்டுமே மிஞ்சும்.

அப்படியானால் எவ்வளவு தேவை?

சேமிப்பு 7 சதவீதம் வளர்கிறது, விலைவாசி 6 சதவீதம் உயர்கிறது, பணம் 30 ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்ற மூன்று அனுமானங்களின் அடிப்படையில், முதல் ஆண்டுச் செலவைப் போல சுமார் 26 மடங்கு சேமிப்பு தேவை. அதாவது, ஓய்வூதியம் போன்ற வேறு வருமானம் எதுவும் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என்றால் சுமார் 78 லட்சம் ரூபாய். 6 லட்சம் என்றால் சுமார் 1.57 கோடி, 10 லட்சம் என்றால் சுமார் 2.6 கோடி ரூபாய் தேவைப்படும்.

எடுத்துக்காட்டுத் தம்பதிக்கு 5,000 ரூபாய் ஓய்வூதியம் இருப்பதால் சுமார் 1.5 கோடி ரூபாய் போதும். கையில் உள்ள ஒரு கோடி ரூபாயைக் கொண்டு அவர்கள் 30 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க வேண்டுமெனில், முதல் ஆண்டில் சுமார் 4.1 லட்சம் ரூபாய்க்குள் செலவைச் சுருக்க வேண்டும். இது அவர்களின் அத்தியாவசியச் செலவான 4.44 லட்சத்தைவிடக் குறைவு என்பது கவனிக்கத்தக்கது.

முதலீட்டின் வளர்ச்சி 7-க்குப் பதிலாக 8 சதவீதமாக இருந்தால், தேவைப்படும் தொகை 1.5 கோடியில் இருந்து சுமார் 1.32 கோடியாகக் குறையும். பணத்தின் ஒரு பகுதியைப் பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டுகளில் வைக்குமாறு ஆலோசகர்கள் கூறுவது இதனால்தான். ஆனால், அதில் லாபம் உறுதியல்ல. குறிப்பாக, ஓய்வு பெற்ற முதல் சில ஆண்டுகளில் சந்தை சரிந்தால், மலிவான விலையில் விற்றுச் செலவு செய்ய நேரிடும். பின்னர் சந்தை மீண்டாலும் இழந்ததை ஈடுகட்டுவது கடினம். எனவே, அடுத்த சில ஆண்டுகளுக்குத் தேவையான பணத்தைப் பங்குச் சந்தையில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இணையத்தில் அடிக்கடி குறிப்பிடப்படும் '4 சதவீத விதி' பற்றியும் எச்சரிக்கை தேவை. சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பின்னர் விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே போனால் பணம் 30 ஆண்டுகள் நீடிக்கும் என்பது அந்த விதி. இதை 1994-இல் முன்வைத்த வில்லியம் பெங்கன், அமெரிக்காவின் பங்கு மற்றும் கடன் பத்திரச் சந்தைத் தரவுகளைக் கொண்டே கணக்கிட்டார். அந்நாட்டின் விலைவாசி வரலாறும் சந்தை வரலாறும் வேறு. அதை இந்தியாவுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

எல்லா ஓய்வூதியமும் ஒன்றல்ல

எவ்வளவு வருமானம் போதும் என்ற கேள்விக்கு விடை, அந்த வருமானம் விலைவாசியுடன் சேர்ந்து உயருமா என்பதைப் பொறுத்தே அமையும். மத்திய அரசின் பழைய ஓய்வூதியத்தைப் பெறுவோருக்கு அகவிலை நிவாரணம் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் திருத்தப்படுகிறது. 80 வயதை எட்டினால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வழங்கப்படுகிறது; 100 வயதில் இது 100 சதவீதமாகிறது. வயது ஏற ஏறச் செலவும் ஏறும் என்பதை அரசின் விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டுகள் பணியாற்றிய மத்திய அரசு ஊழியர்களுக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் உறுதி செய்யப்படுகிறது. இதற்கும் அகவிலை நிவாரணம் உண்டு.

தனியார் துறையில் நிலை வேறு. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வரம்பின்படி 35 ஆண்டுகள் பணியாற்றியவருக்கும் மாதம் 7,500 ரூபாய்தான் கணக்கில் வரும். அந்தத் தொகையும் விலைவாசிக்கேற்ப உயர்வதில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ஆயுட்கால ஓய்வூதியத் திட்டங்களில் பெரும்பாலானவையும் இத்தகையவையே.

இருவருக்கு இன்று மாதம் 25,000 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அகவிலை நிவாரணம் உள்ளவரின் வாங்கும் சக்தி 20 ஆண்டுகளுக்குப் பிறகும் பெருமளவு காக்கப்படும். நிவாரணம் இல்லாதவரின் 25,000 ரூபாய்க்கு, 6 சதவீதப் பணவீக்கத்தில், இன்றைய மதிப்பில் சுமார் 7,800 ரூபாய்க்கான பொருள்களே கிடைக்கும். முதலாமவர் சேமிப்பு குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். இரண்டாமவருக்குப் பெரிய சேமிப்பு கட்டாயம்.

மருத்துவச் செலவுக்குத் தனிக் கணக்கு

நிறுவனம் வழங்கும் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணியுடன் முடிந்துவிடும். தனிப்பட்ட காப்பீட்டை ஓய்வுக்கு முன்பே எடுத்துவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தைக் கடந்துவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துடன் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் கொண்டுவரப்பட்டது.

70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு 2024 அக்டோபர் முதல் வழங்கப்படுகிறது. இது மருத்துவமனையில் அனுமதிக்கப்படும் சிகிச்சைக்கானது. தினசரி மாத்திரை, புறநோயாளிக் கட்டணம், வீட்டில் உதவியாளர் வைத்துக்கொள்ளும் செலவு ஆகியவை சொந்தப் பணத்தில் இருந்தே செல்ல வேண்டும். எனவே, சேமிப்பின் ஒரு பகுதியை மருத்துவத்துக்கென்று தனியே ஒதுக்கி, அதை வருமானக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

துணை இல்லாத ஆண்டுகள்

கணவன், மனைவி இருவரில் ஒருவர் மறைந்தால் வீட்டுச் செலவு பாதியாகக் குறைவதில்லை. மின் கட்டணம், சொத்து வரி, வீட்டு உதவிக்கான சம்பளம் ஆகியவை ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆனால் வருமானம் குறைந்துவிடும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினரின் ஓய்வூதியத்தில் பாதி மட்டுமே துணைவருக்குக் கிடைக்கும். எடுத்துக்காட்டுத் தம்பதியின் 5,000 ரூபாய், 2,500 ரூபாயாகிவிடும்.

மனைவி வயதில் இளையவராக இருக்கும் குடும்பங்களில் இது கூடுதல் கவனத்துக்குரியது. கணக்கை கணவரின் ஆயுளோடு நிறுத்தாமல், மனைவியின் 90 வயது வரை நீட்டிப் போட வேண்டும். ஆயுட்கால ஓய்வூதியத் திட்டம் வாங்கினால், இருவரில் யார் எஞ்சியிருந்தாலும் தொடரும் வகையைத் தேர்வு செய்யலாம். வாரிசு நியமனம், கூட்டுக் கணக்கு, உயில் ஆகியவற்றை முன்கூட்டியே முடித்துவைப்பதும் அவசியம்.

பற்றாக்குறை தெரிந்தால் என்ன செய்யலாம்?

ஓய்வுக்கு முன்பே பற்றாக்குறை தெரிந்துவிட்டால் வழிகள் உண்டு. எடுத்துக்காட்டுத் தம்பதியில் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்கு மாதம் 20,000 ரூபாய் ஈட்டும் பகுதிநேரப் பணியைச் செய்தால், 30 ஆண்டுகளுக்குத் தாங்கக்கூடிய முதல் ஆண்டுச் செலவு 4.1 லட்சத்தில் இருந்து 4.5 லட்சமாக உயரும். அத்தியாவசியச் செலவு முழுவதும் ஈடாகிவிடும். பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறுவது, வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது, செலவு குறைந்த ஊருக்குக் குடிபெயர்வது ஆகியவையும் பயன் தரும். வாடகை விலைவாசியுடன் சேர்ந்து உயரக்கூடிய வருமானம் என்பது கூடுதல் நன்மை.

அமைப்புசாரா தொழிலாளர்களுக்கு?

நாட்டின் உழைப்பாளர்களில் பெரும்பான்மையினர் அமைப்புசாரா துறையில் உள்ளனர். அவர்களுக்காக 2015-இல் தொடங்கப்பட்ட அடல் ஓய்வூதியத் திட்டம் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதியளிக்கிறது. வருமான வரி செலுத்தாத 18 முதல் 40 வயதுக்குட்பட்டோர் இதில் சேரலாம். இன்று 30 வயதில் சேரும் ஒருவருக்கு 60 வயதில் கிடைக்கும் 5,000 ரூபாயின் மதிப்பு, 6 சதவீதப் பணவீக்கத்தில், இன்றைய கணக்கில் சுமார் 870 ரூபாய்தான். திட்டத்தில் சேருவது நல்லது. அது மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

ஒரு தாளில் போடக்கூடிய கணக்கு

ஓய்வுக்குப் பின்னும் தொடரும் ஓராண்டுச் செலவை எழுத வேண்டும். அதில் அத்தியாவசியத்தைத் தனியே பிரிக்க வேண்டும். விலைவாசியுடன் உயரும் வருமானம் எவ்வளவு, உயராத வருமானம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, செலவை இரட்டிப்பாக்கி 12 ஆண்டுகளுக்குப் பிந்தைய கணக்கையும், நான்கு மடங்காக்கி 24 ஆண்டுகளுக்குப் பிந்தைய கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளிலும் அத்தியாவசியச் செலவை எவரிடமும் கை நீட்டாமல் சமாளிக்க முடிந்தால், இன்றைய வருமானம் போதுமானது என்று கொள்ளலாம்.

*பொறுப்புத் துறப்பு: இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. கணக்குகள் எடுத்துக்காட்டு அனுமானங்களின் அடிப்படையிலானவை. வட்டி விகிதங்களும் விதிமுறைகளும் மாறக்கூடியவை. முதலீட்டு முடிவு எடுக்கும் முன் தகுதி பெற்ற நிதி ஆலோசகரை அணுகவும்.*